துருப்பிடிக்காத சைக்கிள்

குகா,

காலையில் பங்சாருக்குக் கிளம்பும்போது நீ வாசலில் நின்று, "அப்பா, அந்த பாக்ஸ யாரும் தொடாம பாத்துக்கங்க, டேப் எல்லாம் ஒட்டியாச்சு," என்று சொல்லிவிட்டுப் போனாய். யாரும் என்று நீ சொன்னது என்னைத்தான். உனக்கு ஊறுகாய் வாங்கி வர அம்மா கிள்ளானுக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் இப்போது நானும் அந்தப் பெட்டியும்தான் இருக்கிறோம். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்குள் உன் டைட்டேனியம் சைக்கிள், சக்கரம் கழற்றி, ஹேண்டலைத் திருப்பி, உன் சட்டைகளை மேலும் கீழும் போர்த்திக்கொண்டு இருக்கிறது. நாளை மறுநாள் சுபாங்கில் விமானம் ஏறி நீயும் அதுவும் பெர்த்துக்குப் போய்விடுவீர்கள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் குக்கர் கொண்டுபோவார்கள், போர்வை கொண்டுபோவார்கள். நீ சைக்கிளைக் கட்டிவிட்டு, மிச்ச இடத்தில் துணியை வைத்திருக்கிறாய்.

இந்த வாரத்தில் மூன்று முறை உன்னிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். மூன்று முறையும் "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கேட்டதையே கேட்கிறார் என்று நீ நினைத்திருப்பாய். வயதும் ஆகிவிட்டதுதான். ஆனால் அது காரணமில்லை. எனக்குப் பயமாக இருந்தது. உன் அப்பாவுக்குப் பயப்படுவதைத் தவிர வேறெதுவும் ஒழுங்காகச் செய்ய வராது என்பது உனக்கும் ஓரளவு தெரியும். எந்த அளவுக்கு என்பது தெரியாது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு நீ என்னிடம் பேசாமல் விமானம் ஏறிவிடுவாயோ என்ற பயத்தோடுதான் இதையும் எழுதுகிறேன்.

நான் முப்பது வருடம் அரசாங்கத்தில் ரோடு பார்த்தவன். ரோடு போடுவதும் பள்ளம் அடைப்பதும்தான் என் வேலை என்று நீ பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினாய், ஆசிரியர் நன்று என்று போட்டிருந்தார். இன்னொரு வேலையும் இருந்தது. அதை வீட்டில் நான் சொன்னதே இல்லை. விபத்து நடந்த இடத்துக்குப் போலீஸ் வந்துபோன பிறகு எங்களை அனுப்புவார்கள், ரோட்டின் மேல் தப்பு இருக்கிறதா என்று பார்க்க. இரும்பு டேப்பின் ஒரு முனையை வேலையாள் ஒருவர் பிடிப்பார், மறுமுனை என் கையில். டயர் தேய்ந்த கோடு எதுவரை, கண்ணாடித் தூள் எதுவரை, செருப்பு எங்கே கிடந்தது என்று அளந்து எழுதிக்கொண்டு வரவேண்டும். பந்திங் என்றால் உனக்கு அந்த ஊர்ச் சந்தையில் தின்ற மீகோரேங் ஞாபகம் வரும். எனக்கு எந்த வளைவில் என்ன கிடந்தது என்பதுதான் ஞாபகம் வரும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, உன்னைக் கூப்பிட்டுச் சும்மா தலையைத் தொட்டுப் பார்ப்பேன். "என்ன லா அப்பா," என்று நீ கையைத் தட்டிவிடுவாய்.

இப்படிப்பட்டவன்தான் உனக்கு அந்த முதல் ரேஸ் சைக்கிளை வாங்கிக் கொடுத்தேன். நீ எஸ்.பி.எம். பரீட்சை பாஸ் செய்தால் கேட்டதை வாங்கித் தருவதாக வாய்விட்டிருந்தேன். நீ மோட்டார் சைக்கிள் கேட்பாய், முடியாது என்று சொல்லிவிடலாம் என்று தயாராக இருந்தேன். நீ சைக்கிள் கேட்டாய். கிள்ளானில் ஆ செங் கடையில் தொங்கிய அந்த நீல நிற இரும்பு ஃபிரேமை நீ அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற நிற்பில் எனக்கு மறுக்க வாய் வரவில்லை. ஆ செங் தோட்டத்துப் பக்கத்தில் வளர்ந்த சீனர், நம்மைவிடச் சத்தமாகத் தமிழ் பேசுவார். "அண்ணே, இது நல்ல இரும்பு. உன் பையன் கிழவன் ஆனாலும் இது கிழவன் ஆகாது," என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து உருட்டச் சொன்னாள். நான் சிரித்தேன். "பழத்த நசுக்கினா பிரேக் பிடிக்குமா? படிச்சவங்க இருக்கிற வீடு மாதிரியா இருக்கு?" என்று கேட்டேன். நீயும் என்னோடு சேர்ந்து சிரித்தாய். அம்மா நசுங்கிய பழத்தை எடுத்துக் குப்பையில் போட்டாள். அந்தச் சிரிப்பை மறந்துவிடாதே, பின்னால் வேண்டியிருக்கும்.

முதல் மாதம் நான் உன் பின்னால் காரில் வந்தேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் பாதையில் நீ போவாய். பக்கத்து ரோட்டில் நான் நாற்பதில் உருட்டிக்கொண்டு வருவேன், பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் ஹாரன் அடிப்பார்கள். கிள்ளான் தாண்டிய பிறகு ரோடு ஒன்றாகிவிடும், இன்னும் நெருங்கி வருவேன். ஒரு நாள் நீ நின்று, இறங்கி, என் கார் ஜன்னலில் குனிந்தாய். முகம் எல்லாம் வேர்வை.

"அப்பா, நீங்க பின்னால வந்தா நான் திரும்பித் திரும்பிப் பாப்பேன். முன்னால பாக்க மாட்டேன். அப்பறம் நெஜமாவே விழுவேன்."

"நான் பாட்டுக்கு வரேன். நீ பாட்டுக்குப் போ."

"உங்களுக்கு என் மேல நம்பிக்கை இல்லயா?"

உன் மேல் இருந்தது, குகா. மற்ற யார் மேலும் இல்லை. லோரி ஓட்டுகிறவன் மேல் இல்லை, பாதி வழியில் கதவைத் திறக்கிற கார்க்காரன் மேல் இல்லை, நானே போட்ட ரோட்டின் மேல் இல்லை. ஆனால் அன்றைக்கு இனி பின்னால் வரமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் பந்திங் பக்கம் ஒரு வளைவுக்கு என்னை அளக்க அனுப்பினார்கள். எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன ஒரு மனிதர், சைக்கிளில் போனவர். லோரியிலிருந்து விழுந்த செம்பனைக் குலை ஒன்று ரோட்டில் கிடந்திருக்கிறது, அதை விட்டு விலகப் போய்ப் பின்னால் வந்த வண்டியில் அடிபட்டிருக்கிறார். நான் போனபோது உடலைக் கொண்டுபோயிருந்தார்கள், சைக்கிள் மட்டும் கிடந்தது. அதுவும் நீலம். பழைய, பின்னால் கேரியர் வைத்த சைக்கிள்தான், உன்னுடையதைப் போல் இல்லவே இல்லை. ஆனால் நீலம். அளந்த இடத்தையே நான் திரும்பத் திரும்ப அளப்பதைப் பார்த்து, கூட வந்தவர், "சார், வெயிலா இருக்கு, நிழல்ல உக்காருங்க," என்றார். திரும்பும் வழியில் கிள்ளானில் ரயில் பாதையை ஒட்டி ஒரு சின்னக் கோயில் கண்ணில் பட்டது. எலுமிச்சம்பழத்தைப் பார்த்துச் சிரித்தவன், வண்டியை நிறுத்திவிட்டு, ஆபீஸ் சட்டையோடு உள்ளே போனேன்.

பூசாரி நல்ல மனிதர். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. எழுத்துப் பொறித்த ஒரு செப்புத் தகட்டைச் சுருட்டி, மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தார். "வண்டியில கால் படாத எடமா பாத்து வைங்க சார். அமாவாசைக்கு அமாவாசை கொஞ்சம் தீர்த்தம் தெளிங்க, போதும்," என்றார். சைக்கிளில் கால் படாத இடம் எது என்று நீயே யோசித்துப் பார். ஹேண்டலில் கட்டினால் நீ பார்ப்பாய், பார்த்தால் சிரிப்பாய், நான் கற்றுக்கொடுத்த சிரிப்பு. கடைசியில் ஒரு வழி தோன்றியது. நீ காலேஜுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்து, சீட்டைத் தாங்கும் கம்பியை உருவி எடுத்து, அது இறங்குகிற குழாய்க்குள் அந்த மஞ்சள் பொட்டலத்தைப் போட்டேன். குடைக் கம்பியால் குத்திக் குத்தி, பெடல் சுழலும் இடத்துக்குச் சற்று மேலே போய் இறுகி நிற்கும்படி செய்தேன். சீட் உயரம் மாறினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று முன்கூட்டியே கம்பியில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். அளவு எடுப்பதில் உன் அப்பாவைக் குறை சொல்ல முடியாது.

பிறகு ஒவ்வோர் அமாவாசைக்கும் கிள்ளான் கோயிலிலிருந்து ஒரு சின்னப் போத்தலில் அபிஷேகத் தண்ணீர். இளநீர், எலுமிச்சை, மஞ்சள், பால் எல்லாம் கலந்தது. பூசாரி தெளிக்கத்தான் சொன்னார். குழாய்க்குள் எப்படித் தெளிப்பது? நான் ஊற்றினேன். ஒரு கரண்டி. அந்த மாதம் பெரிய விபத்து எதையாவது அளந்திருந்தால் இரண்டு கரண்டி. ஏறக்குறைய இரண்டு வருடம், ஒரு மாதம்கூட விடவில்லை. புதிதாக வேலைக்கு வருகிற பையன்களிடம் நான் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம், ரோட்டைக் கெடுப்பது லோரி இல்லை, உள்ளே இறங்கி வெளியே போக வழியில்லாமல் நிற்கிற தண்ணீர்தான் என்பது. அதைச் சொன்ன அதே வாயோடு வீட்டுக்கு வந்து இரும்புக் குழாய்க்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே ஈரத் துணி, அதற்குள் செம்பு, சுற்றிலும் இரும்பு. ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை. ஊற்றிய அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

நீ விழுந்ததை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பந்திங் ரோட்டில், ஏற்றத்தில், எழுந்து நின்று மிதித்தபோது அடியில் ஃபிரேம் முறிந்தது. தோள் எலும்பு முறிந்தது, முழங்கை தோல் உரிந்தது. பின்னால் வந்த செம்பனை லோரி நின்றுவிட்டது. அந்த லோரிக்காரரே உன்னைத் தூக்கி உட்காரவைத்துக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். இது வரைக்கும் உனக்குத் தெரியும். மறுநாள் நான் ஆபீசுக்குப் போகிறேன் என்று கிளம்பி அந்த இடத்துக்குப் போனது உனக்குத் தெரியாது. உன் பெடல் தாரைக் கீறிய இடம் இருந்தது. லோரி டயர் தேய்ந்த கோடும் இருந்தது. மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் டேப் நுனியில் ஒரு கல்லை வைத்துவிட்டு, கீறலிலிருந்து டயர் கோடு வரைக்கும் நானே நடந்தேன். நாலடி. திரும்பவும் அளந்தேன், நாலடிதான். நான் அத்தனை வருடம் எழுதிக்கொடுத்த அறிக்கைகளில் இந்த இடைவெளி இருந்ததில்லை. ரோட்டோரத்தில், செம்பனை மரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "என் வேர்வதான்பா. வேர்வையில உப்பு ஜாஸ்தின்னு சொல்வாங்க. மழையில வேற ஓட்டுறேன், ஒழுங்கா தொடைக்கிறதே இல்ல. என் தப்புதான்," என்றாய். நான் தலையாட்டினேன். எனக்கு அப்போது உண்மை தெரியாது. நாலு நாள் கழித்து ஆ செங் என்னை ஆபீஸ் ஃபோனில் கூப்பிட்டார். "அண்ணே, நீ வா. பையன் வேணாம், நீ மட்டும் வா." போனேன். உடைந்த ஃபிரேமை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். அதிலிருந்து கொட்டிய துருவைப் பழைய பேப்பரில் குவித்திருந்தார், இரண்டு கை கொள்ளும். அதன் நடுவில் பச்சை பிடித்த அந்தத் தகடு.

"இது உங்க சாமி சாமான்தானே, அண்ணே?"

"ஆமா."

"யாரு போட்டா?"

நான் பேப்பரில் சிதறிய துருவை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தகட்டைத் துணியால் துடைத்து, பேப்பரில் மடித்து, என் சட்டைப் பையில் அவரே வைத்தார். "எனக்கும் மூணு பசங்க அண்ணே. நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு," என்றார். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது நடந்து ஐந்து வருடம் ஆகிறது.

ஏன் சொல்லவில்லை? முதலில் உனக்கு உடம்பு தேறட்டும் என்றேன். பிறகு அம்மாவை நினைத்து வெட்கம், அவள் பழத்தை நான் கேலி செய்தவன் ஆயிற்றே. பிறகு நாள் தள்ளிப்போகப் போக, சொல்லாமல் இருந்ததே முதல் தப்பைவிடப் பெரிதாகிவிட்டது. நீ விழுந்ததற்கு நான் காரணம் என்று தெரிந்தால் நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று பயந்தேன். தூக்கி எறியவும் பயம், அது சாமி தகடு. என் ஆபீஸ் டேப் இருக்கிறதே, தோல் உறை போட்டது, அந்த உறைக்குள் தகட்டைச் செருகிவைத்தேன். அதை என்னைத் தவிர யாரும் எடுக்கமாட்டார்கள் என்று நினைப்பு.

அப்போதுதான் உனக்கு டைட்டேனியம் பைத்தியம் பிடித்தது. தோளில் கட்டோடு உட்கார்ந்து வெள்ளைக்காரப் பத்திரிகைகளாகப் படித்தாய். இரும்பு வேண்டாம், அலுமினியம் வேண்டாம், துருவே பிடிக்காத ஒரே உலோகம் இதுதான் என்று சாப்பிடும்போதெல்லாம் பாடம் நடத்தினாய். நீ துரு என்று சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் கால் நீளம், கை நீளம் எல்லாம் அளக்கவேண்டும் என்று என் டேப்பைக் கேட்டாய். நான் குளித்துக்கொண்டிருந்தேன், "மேசை டிராயர்ல இருக்கு," என்று உள்ளேயிருந்து கத்திவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது. சோப்பைக்கூடக் கழுவாமல் வெளியே ஓடிவந்தேன். நீ டேப்போடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாய். உறை மேசைமேல் இருந்தது, தகடு அதற்குள் இருந்தது. அப்பாடா என்று இருந்தது. நீ டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்துவிட்டு, "அப்பா, நான் புது சைக்கிள் தேடப் போறேன். நீங்களும் கூட வர்றீங்களா?" என்று கேட்டாய். கட்டுப் போட்ட கையோடு கார் ஓட்ட முடியாது, அதற்குத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன்.

அந்த மூன்று வருடத் தேடலைப் பற்றியும் ஓர் உண்மை சொல்லவேண்டும். நீ சரியான சைக்கிளைத் தேடினாய். நான் தப்பான சைக்கிளைத் தேடினேன். அது கிடைக்கும்வரை ரோட்டில் ஏறமாட்டேன் என்று நீ சொல்லியிருந்தாய். கார் நிற்கும் இடத்தில் உருளைகள் வைத்து, அதன்மேல் ஆ செங் இரவலாகக் கொடுத்த சைக்கிளை நிறுத்தி, நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் மிதித்தாய். சக்கரம் சுற்றும், சைக்கிள் கேட்டைத் தாண்டாது. என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை. அது முடியக்கூடாது என்று நினைத்தேன். பங்சாரில் ஊருக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் ஒன்று பார்த்தோமே, உனக்கு ஒரு பிடி பெரியது. சீட் கம்பியைத் தாழ்த்தினால் சரியாகிவிடும் என்று அவரே சொன்னார், நீயும் பாதி மனதாக இருந்தாய். நான்தான் டேப்பைப் போட்டுக் காட்டிக் கெடுத்தேன். சிங்கப்பூர் வரைக்கும் பஸ்ஸில் போய்ப் பார்த்த ஃபிரேமில் உனக்கு எல்லாம் பிடித்திருந்தது. நான் ஆபீஸ் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு வெல்டிங்காகப் பார்த்து, ஒரு மூலையில் ஊதா நிறம் ஓடுவதைக் கண்டுபிடித்தேன். டைட்டேனியத்தை வெல்டிங் செய்யும்போது காற்று பட்டால் அப்படி நிறம் மாறும், உள்ளே நொறுங்கிப் போயிருக்கும் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாய். நீ முகம் சுருங்கி நின்றாய். எனக்கு உள்ளுக்குள் கும்மாளம். திரும்பும் பஸ்ஸில் நீ தூங்கி என் தோளில் சாய்ந்தாய், நான் அந்த ஊதா நிறத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தேன்.

கடைசியில் அது ஆ செங் கடைக்கே வந்து சேர்ந்தது. யாரோ வரவழைத்துவிட்டு எடுக்காமல் போன ஃபிரேம். பெயிண்ட் கிடையாது, சாம்பல் நிறம், பார்வைக்கு ஒன்றுமே இல்லை. நீ அளந்தாய், சரியாக இருந்தது. நான் பூதக்கண்ணாடியைப் போட்டேன். ஒவ்வொரு வெல்டிங்கும் வெள்ளி மாதிரி, ஒரே சீராக, வரிவரியாக இருந்தது. மூன்று தரம் சுற்றிவந்தேன். குறை கிடைக்கவில்லை. நீ அப்போது ஆ செங்கிடம் ஒரு கேள்வி கேட்டாய்.

"அங்கிள், இதுக்குள்ள தண்ணி போனா?"

"ஒண்ணும் ஆகாது."

"மாசா மாசம் போனா? ரெண்டு வருஷம் போனா?"

ஆ செங் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பத்து வருஷம் ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாது தம்பி," என்றார். "அப்ப இதுதான்," என்றாய். உன் வேர்வையைப் பற்றிக் கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இன்றுவரை நீ அதில் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் கேட் சத்தம் கேட்கும்வரை நான் பேப்பரை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

இதுதான் நான் சொல்ல நினைத்தது. உன் வேர்வை அந்தச் சைக்கிளை முறிக்கவில்லை. உன் தப்பு ஒன்றும் இல்லை. நான் முறித்தேன், உன்னைக் காப்பாற்ற நினைத்து முறித்தேன். உனக்கும் நாளைக்குப் பிள்ளை பிறந்தால் இதே பயம் வரும், அது பரம்பரைச் சொத்து மாதிரி வந்தே தீரும். வந்தால் பிள்ளையிடம் வாயால் சொல்லிவிடு. எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் அதிகம் போனால் அவன் சிரிப்பான். சொல்லாமல் அவன் சாமான்களுக்குள் ஒளித்துவைக்காதே. இன்னும் சில சொல்கிறேன், சிரிக்காமல் கேள். மழை தொடங்கிய முதல் பத்து நிமிடம் எங்காவது ஒதுங்கி நில். ரோட்டில் கிடக்கும் எண்ணெய் மேலே வந்து வழுக்குவது அப்போதுதான். நின்றிருக்கும் காருக்கு ஒரு கதவு தூரம் தள்ளிப் போ. லோரிக்கு இடது பக்கம் ஒருபோதும் நுழையாதே. அந்த ஊரில் செம்பனை லோரி இருக்காது, ஆனால் லோரி இல்லாத ஊர் கிடையாது.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றை மறைத்தால் அர்த்தமில்லை. இன்றைக்கு வீட்டில் யாரும் இல்லாதபோது அந்தத் தகட்டை எடுத்து இந்தச் சைக்கிளுக்குள்ளும் போட்டுவிடலாம் என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்றே கிள்ளான் கோயிலுக்குப் போய் ஒரு போத்தல் தீர்த்தமும் வாங்கி வந்துவிட்டேன். அலமாரியில், அம்மாவின் மருந்துகளுக்குப் பின்னால் இருக்கிறது. எல்லாம் தெரிந்த பிறகும், அவ்வளவும் நடந்த பிறகும், இந்தப் பைத்தியக்காரன் இப்படித்தான் இருக்கிறான். பெர்த்தில் எந்த வளைவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, குகா. அங்கே ஏதாவது ஆனால் என்னைக் கூப்பிட மாட்டார்கள். வேறு யாரோ அளப்பார்கள்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். கடிதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அந்தக் காரியத்தை முடித்துவிடலாம் என்றுதான் போனேன். டிராயரைத் திறந்து டேப் உறையை எடுத்தேன். உள்ளே தகடு இல்லை. உறையைக் கவிழ்த்துத் தட்டினேன், டிராயரை முழுதாக இழுத்துக் கீழே கொட்டினேன். போன வாரம்கூடத் தொட்டுப் பார்த்திருந்தேன், இருந்தது. அம்மா எடுத்தாளா, எங்கே விழுந்தது, அது தொலைந்த நேரத்தில் நீ ரோட்டில் இருக்கிறாயே என்று கண்டபடி எண்ணம் ஓடியது. பங்சாருக்கு எதில் போனாய் என்று யோசித்தேன். பஸ்ஸில்தான், சைக்கிள் பெட்டியில் இருக்கிறது. பெட்டி.

நீ ஒட்டிய டேப்பைக் கிழித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. சட்டைகளை எடுத்து வெளியே வைத்து, ஃபிரேமைச் சாய்த்து, சீட் கம்பியின் திருகைத் தளர்த்தி உருவினேன். கம்பியில் சரியான உயரத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தாய். நான் போடுகிற அதே மாதிரி, மெல்லிய கோடு. குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பாக ஏதோ தெரிந்தது. ஃபிரேமைக் கவிழ்த்தேன், கையில் வந்து விழுந்தது. பழைய டியூப் ரப்பரை அளவாக வெட்டி, தண்ணீர் புகாதபடி ஒட்டி, சுற்றிலும் நூல் கட்டியிருந்தாய். பிரிக்கவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தாலே போதும், எனக்கு அந்தச் சுருள் தெரியாதா.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சோப்போடு ஓடிவந்தபோதே உனக்குத் தெரியும். டேப்பை எடுத்தபோதே துருக்கறை படிந்த தகட்டைப் பார்த்து, அமாவாசைதோறும் நான் கொண்டுவந்த போத்தலையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டாய். பார்த்துவிட்டுத்தான், நீங்களும் கூட வர்றீங்களா என்று கேட்டாய். சிங்கப்பூர் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தபோதும் தெரியும். மாசா மாசம் தண்ணி போனா என்று கேட்டது உன் வேர்வைக்காக இல்லை. நீ மூன்று வருடம் தேடியது அப்பன் என்ன ஊற்றினாலும் துருப்பிடிக்காத ஒரு சைக்கிளை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். வீட்டில் யாரும் இல்லை, சத்தமாகவே அழுதேன்.

நீ சமையலறைத் தராசில் ஒவ்வொரு திருகாணியாக எடை போட்டவன். போத்தல் மாட்டும் கம்பிகூடக் கனம் என்று மாற்றியவன். அப்படிப்பட்ட சைக்கிளில் எதற்கும் உதவாத இந்தச் செப்பை ஏன் சுமக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அதை இருந்த இடத்திலேயே போட்டுவிட்டேன். கம்பியை உன் கோடு வரைக்கும் இறக்கி, திருகை முடுக்கி, சட்டைகளை மடித்து வைத்து, பெட்டியை ஒட்டிவிட்டேன். டேப் கொஞ்சம் கோணலாக இருக்கும். தீர்த்தப் போத்தலை எடுத்துப் போய் அம்மாவின் துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டேன். ஒரு சொட்டுகூட உன் சைக்கிளில் படவில்லை.

பயம் போய்விட்டதா என்று கேட்காதே, போகவில்லை. அது உன்னோடுதான் வருகிறது, ரப்பரில் சுற்றி, காய்ந்த இடத்தில். இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைக்காமல் உன் கையிலேயே கொடுக்கப்போகிறேன். நீ கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்கிறது. இன்றைக்குச் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டேன்.

அப்பா